மிக்கேல் ஆசாரி உள்ள வச்ச கல்லு

ஏ மருமவனே, கைய எடுங்க! அந்தக் கல்ல நோண்டாதீங்க. புது மாப்பிள்ளன்னு பாக்கேன், இல்லேன்னா நல்லா வஞ்சிருப்பேன். அது எங்க வீட்டுப் புள்ளயாக்கும். என்ன முழிக்கிய? ஒங்க பொஞ்சாதி சொல்லலியா? சரி, அத்தைக்காரி நான் சொல்லுதேன். நடுநடுவுல "ம்" போடணும், ஆமா.

ரயிலு வாரதுக்கும் முந்தி, நம்ம கல்லூத்து ஊரு வெறும் பனையும் உடமரமுமாக் கெடந்த காலமாம். கடல் தாண்டி வெள்ளக்காரச் சாமியாருங்க கொஞ்சப் பேரு வந்தாவளாம். பேசாச் சாமியாருங்க. கடவுள் கிட்டதான் பேச்சு, மத்ததுக்கெல்லாம் கைச்சாடை. கஞ்சி வேணுமா, ஒரு சாடை. தண்ணி வேணுமா, ஒரு சாடை. அவங்க நாட்டுல எழுநூறு எண்ணூறு வருசத்துப் பழைய மடம் ஒண்ணு இருந்துச்சாம். அதே மாதிரி இங்கயும் வேணும்னாவளாம். நடுவுல தொறந்த முத்தம், சுத்தி நாலு பக்கமும் வளைவு வளைவாத் தாவாரம், ஒரு பக்கம் கோயிலு, எதுத்தாப்புல சாப்புடுத கூடம். ஊத்துத்தண்ணி அடுக்களைக்குள்ள ஓடி வெளிய போவுமாம். இப்ப கால நீட்டி கல்யாணப் பிரியாணி தின்னோமே, அந்தத் தாவாரம்தான் இது.

கட்டுனது ஆரு? எங்க மிக்கேல் ஆசாரி. கல்லுல பூவச் செதுக்குனா வண்டு வருமாம், அப்பேர்ப்பட்ட கை. அவருகிட்டப் போயி என்ன சொன்னாவ? கோபுரம் கூடாது. சுரூபம், செல ஒண்ணும் கூடாது. பூ கூடாது, கொடி கூடாது. "கண்ணு அலஞ்சா மனசு அலயும்"னு பெரிய சாமியாரு சொல்லிட்டாராம். ஊரே சிரிச்சிச்சாம். "என்ன ஆசாரி, மொட்டக் கோயிலா கட்டுதீரு?" அவரு பல்லக் கடிச்சுக்கிட்டுக் கட்டுனாராம்.

அப்பந்தான் ஊருல அம்ம போட்டுச்சு. ஆசாரிக்கு ஒத்த மவ, செபத்தி. வேப்பலையில கெடக்கா, கண்ணு தொறக்கல. ஆசாரி மாதா முன்னால நெடுஞ்சாங்கெடயா விழுந்தாராம். "தாயே, எம் புள்ளயத் தந்துரு. நான் கட்டுத கோயில்லயே அவ உருவத்தச் செதுக்கி ஒனக்கு வைக்கேன்." நேந்துட்டாரு. உருவமே கூடாதுன்னு அந்நேரம் நெனப்பு வருமா? பெத்த மனசுல்லா!

புள்ள பொழச்சுட்டா. அங்கதான் வந்துச்சு வென.

பெரிய சாமியாருக்குத் தமிழ் தெரியுமாம். வேலையாளுககிட்டப் பேச அவருக்கு மட்டும் நாளுக்கு ஒரு வேளை உண்டாம், அது பாத்துப் போயி ஆசாரி நின்னாராம். "சாமி, நேர்ச்சக்கடன். செலுத்தலேன்னா மாதா புள்ளயத் திருப்பி எடுத்துக்கிடுவாவ." சாமியாரு தலையக் குனிஞ்சுக்கிட்டாராம். "மிக்கேல், ஒம் மவளுக்காக நாங்களும் செபம் பண்ணுனோம். ஆனா இது எங்க முன்னோரு போட்ட சட்டம். மீற எனக்கு அதிகாரமில்ல." வீட்டுல பொஞ்சாதி அருளாயி ஒரே அழுகையாம். புள்ளைக்கு லேசா உடம்பு சுட்டாப் போதும், ரெண்டு பேருக்கும் உசுரு போயி உசுரு வருமாம்.

ஆசாரி என்ன செஞ்சாரு? ஒரு கல்ல எடுத்தாரு. செபத்தி இடுப்புல கொடத்தோட நிக்கா, அப்பிடியே செதுக்குனாரு. அம்மத் தழும்பக் கூட விடல. மறுநாக் காலையில அதச் செவுத்துல வைக்கப் போனாரு, மொகத்த உள்பக்கமாத் திருப்பி. ஆரு கண்ணுலயும் படாதுல்லா? மாதாவுக்குத் தெரிஞ்சாப் போதும்லா?

தூக்கும்போது பின்னால ஆளு. பாத்தா, பெரிய சாமியாரு! பேசக் கூடாத வேளை வேற. சாமியாரு குனிஞ்சு பாத்தாராம். அந்தத் தழும்ப ஒவ்வொண்ணா வெரலால தடவுனாராம். கொத்துக்கரண்டிய எடுத்தாராம். சுண்ணாம்ப அள்ளி அவரே பூசுனாராம். ரெண்டு பேருமாத் தூக்கி உள்ள வச்சாவளாம். எந்த எடம்னு மட்டும் சாவுத வரைக்கும் ரெண்டு பேரும் மூச்சு விடலியாம்.

பொறவு காலம் மாறிச்சு. சாமியாருங்க ஒவ்வொருத்தராப் போய்ச் சேந்தாவ, மிச்சப் பேரு கப்பலேறிட்டாவ. கூர விழுந்துச்சு. அந்த மடத்து மணி கேட்டுத்தான் ஊரே அடுப்புப் பத்த வைக்குமாம். மணி நின்னதும் ஒரு மாசம் சோறு எறங்கலன்னு சொல்லுவாவ. நான் கேட்டதே இல்ல, எனக்கே ஏக்கமா இருக்கு, பாத்துக்கிடுங்க.

நாங்க கொமரியா இருக்கையில ரோட்டுக்குக் கல்லு வேணும்னு லாரி வந்துச்சு. பொம்பளைய எல்லாம் செவுத்துல சாஞ்சு உக்காந்து, எங்க புள்ளக் கல்லு இதுக்குள்ள இருக்குன்னுட்டோம். "ஒத்தக் கல்லுதான? அத எடுத்துக்கிட்டு மிச்சத்த விடுங்க"ன்னான் கான்ட்ராக்டரு. "எதுன்னு நீரே காட்டும்"னேன். லாரியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். அதான், இந்த ஊருல கோழிக்கூட்டுக்குக் கூட இங்கேருந்து ஒரு கல்லு எடுக்க மாட்டோம்.

அந்தச் செபத்தியோட பேத்தி மவதான் எங்க அம்மை. அவ பொழைக்கலேன்னா நான் ஏது, ஒங்க பொஞ்சாதி ஏது, இன்னைக்கு இந்தப் பிரியாணிதான் ஏது? எந்திரிங்க மருமவனே. ரெண்டு பேருமாச் செவுத்துல கைய வச்சுக் கும்புடுங்க. எந்தக் கல்லுன்னாலும் சரிதான்.