வெந்நீரில் போட்ட மரகதம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் பேருந்து கிளம்பியதும் முன் இருக்கையில் இருந்தவள் பூரித்துப்போய்ச் சொன்னாள்: "கல்லு வெடிச்சிட்ச்சி செல்வி. இனிமே கொயந்த பேசிடும்."

அவள் மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை. அதன் கழுத்துக் கயிற்றில் வெளிறிப்போன பச்சைக்கல். பக்கத்தில் நாத்தனார் செல்வி. கல் பட்டை தீட்டும் கம்பெனியில் வேலை செய்பவள் என்பது பேச்சில் தெரிந்தது.

"எப்டி அண்ணி வெடிச்சிச்சி?"

"புதனுக்கு மரகதம் போட்டா பேச்சு வரும்னாரு ஜோசியரு. டெய்லி கல்ல வெந்நீர்ல போட்டு, அந்தத் தண்ணிய குடுக்கச் சொன்னாரு. தோஷத்த எல்லாம் கல்லு வாங்கிகினு வெடிச்சிகீது பாரு."

"தோஷமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மரகதம் பாறைக்குள்ள உண்டாவும்போதே வெடிப்போடதான் உண்டாவும். அது தெரியாம இருக்க வெடிப்புக்குள்ள எண்ண ஏத்துவாங்க. நானே ஏத்திகீறேன். வெந்நீர்ல எண்ண பூட்ச்சி, வெடிப்பு தெரியுது."

"உனுக்கு வயித்தெரிச்சல்டி."

"இருக்கட்டும். காது டாக்டராண்ட காட்னியா?"

"பேசாத கொயந்தைக்கு காத எதுக்குடி காட்டணும்?"

அந்த ஜோசியன் கையில் கிடைத்திருந்தால் அறைந்திருப்பேன்.

நடத்துநர் எங்கள் தலைக்கு மேலேயே விசில் ஊதினார். எல்லோரும் திரும்பினோம். குழந்தை மட்டும் திரும்பவில்லை. கல்லை உருட்டிக்கொண்டிருந்தது.

அதன் அம்மா இதைக் கவனித்தாள். குழந்தையின் பின்னால் கையைக் கொண்டுபோய் இரண்டு முறை சொடுக்குப் போட்டாள். பிறகு பலமாக ஒரு முறை.

நாத்தனார் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு எங்க எறங்கி மாறணும் செல்வி?"