‘சோறு தம்பி’ என்றார் எஞ்சினியர்

மைசூரிலிருந்து கொள்ளேகால் போகும் சாயங்கால பஸ். என் முன் இருக்கையில் கட்டட வேலை முடிந்து திரும்பும் ஒரு பெண்ணும், ஆபீஸ் பையை மடியில் வைத்திருந்த ஒரு இளம்பெண்ணும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நேத்து காலைல எங்க எஞ்சினியர் என்னையப் பாத்து ‘சோறு தம்பி’ன்னு சிரிச்சாரு கண்ணு. அப்படின்னா என்ன?”

இளம்பெண் யோசித்துவிட்டுச் சிரித்தாள். “இங்கிலீஷ்ல சோர் தம்ப்னு சொல்லியிருப்பாருக்கா. வீங்கின கட்டைவிரல். கூட்டத்துல ஒருத்தர் மட்டும் பொருந்தாம பளிச்சுனு தெரிஞ்சா அப்படிச் சொல்வாங்க. கொஞ்சம் கேலிதான்.”

“எங்க வூட்டுக்காரரோட ஆரஞ்சு சட்டையச் சேலை மேல போட்டிருந்தேன், அதான். ஆனா மத்தியானமே லாரி ரிவர்ஸ்ல வந்துச்சு. நான் குனிஞ்சு ஜல்லி அள்ளிட்டிருந்தேன், சத்தமே கேக்கல. கண்ணாடியில சட்டை தெரிஞ்சுதான் டிரைவரு பிரேக் போட்டாராம்.”

“ஐயோ! அப்புறம்?”

“எஞ்சினியர் ஓடி வந்து தண்ணி குடுத்தாரு. இன்னைக்கு எங்க எல்லாருக்கும் அதே நெறத்துல மேல்சட்டை வாங்கியாந்துட்டாரு. நல்லா இருக்கட்டும் அந்த மனுசன். இனிமே நான் மட்டும் தனியாத் தெரிய மாட்டேன் கண்ணு.”