லீவு நாளிலும் ஊதும் சங்கு

போடிமெட்டிலிருந்து இறங்கிய பேருந்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. முன்சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர். ஒருத்தி வீங்கிய விரல்களைக் காட்டினாள்.

“மதினி, என் ஒடம்புக்குள்ள லீவு நாள்லயும் சங்கு ஊதுதாம்.”

“யாரு சொன்னா?”

“டாக்டரு. சைட்டோகைன்னு ஒரு புரதமாம், நம்ம ஃபேக்டரி சங்கு மாதிரி. அது செல்லு வாசல்ல ஊதுனா, உள்ள தூங்குற ஜீனெல்லாம் எந்திரிச்சு வேலைய ஆரம்பிச்சிருமாம். காயம்பட்டாத்தான் ஊதணும். எனக்குச் சும்மாவே ஊதுது. அதான் வீக்கம்.”

“இனி கொழுந்து கிள்ள முடியுமா?”

“மாத்திரை குடுத்திருக்காரு. சங்கு ஊதுனாலும் சத்தம் உள்ள போகாதாம். கேட்டாத்தான எந்திரிக்கும்?”

பனிக்குள் எங்கோ ஃபேக்டரி சங்கு ஊதியது. மதினி சட்டென்று அந்த விரல்களைத் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டு, குனிந்து அவற்றிடம் சொன்னாள்:

“நீங்க தூங்குங்க.”