பல் டாக்டர் பார்த்த பிரேக்

அப்பா: ...பொண்ணு கேக்குறதெல்லாம் அப்புறம். முதல்ல இதச் சொல்லுங்க. படகு ஏத்துற டிரெய்லருக்கு டிரம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா?

மகள்: அப்பா! அவரு பல் டாக்டருப்பா.

அப்பா: இருக்கட்டுமே. போன தடவை வந்தவரு டிஸ்க்குன்னாரு. காப்பி ஆறுறதுக்குள்ள கிளம்பிட்டாரு.

மகள்: ஏங்க, டிரம்முன்னு சொல்லித் தொலைங்களேன்...

டாக்டர்: டிஸ்க்குதான் மாமா.

மகள்: போச்சு!

அப்பா: அதுக்குள்ள மாமாவா? சரி... ஏன் டிஸ்க்கு?

டாக்டர்: படகை இறக்கும்போது சக்கரம் தண்ணியில முங்குது. டிரம்முக்குள்ள போன தண்ணி லேசுல வெளிய வராது. உப்பும் துருவும் உள்ளயே குடியேறிடும். டிஸ்க்கு திறந்து கிடக்குது, கொஞ்ச தூரம் ஓடினா காஞ்சிடும்.

அப்பா: திறந்து கிடந்தா சேறும் கல்லும் அடிக்காதா? டிரம்மு மூடி போட்ட பாத்திரம் மாதிரிங்க. விலையும் கம்மி.

டாக்டர்: மூடி போட்டா உள்ள கெட்டுப்போறது தெரியாதே. பல்லும் அப்படித்தான்...

அப்பா: பல்ல இதுல இழுக்காதீங்க.

டாக்டர்: நம்ம வண்டியிலயே, டிரம்மக் கழட்டினப்ப ஒரு பிடி துரு கொட்டி...

மகள்: கழட்டினா! கழட்டினா கொட்டும்னு சொல்றாரு!

டாக்டர்: ஆமா... கொட்டும். கொட்டலாம்.

அப்பா: ஓஹோ. உனக்கு ஏம்மா இப்படி வேர்க்குது?

மகள்: புழுக்கம்ப்பா...

அப்பா: ஃபேன் உன் தலைக்கு மேலதான் சுத்துது.

டாக்டர்: மாமா, கிளம்புன்னா கிளம்பிடுறேன். ஆனா டிரம்மு சரியாப் பிடிக்காம, இறக்கத்துல படகோட அந்த டிரெய்லரு பின்னாலருந்து உங்க முதுகத் தள்ளிக்கிட்டு வருது. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் இவ வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறா. உங்ககிட்ட நல்ல பேரு வாங்கணும்னு டிரம்முன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

மகள்: அப்பா, அவரக் கிளம்பச் சொல்லிடாதப்பா.

அப்பா: கிளம்புறதாவது! நான் தங்கச்சி வீட்டுக்குப் போன நேரம் பாத்து ரெண்டு பேரும் டிஸ்க்க மாட்டிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கீங்க! இன்னிக்குக் காலையில படகை இறக்க ரிவர்ஸ் எடுக்குறேன், வண்டி இம்மியும் நகரல. என் டிரம்மு பின்னால தள்ளினா தானா விட்டுடும். டிஸ்க்கு கவ்விப் பிடிச்சுக்கும். அது கவ்வாம இருக்கத்தான் ரிவர்ஸ் எடுக்கும்போது கொக்கியில ஒரு பூட்டுப்பின் சொருகணும். அத யாரு சொருகுவா, உங்க மாமனாரா?... சொருகிட்டேன், போங்க மாப்பிள்ளை.