பத்ரியின் வலது கால் ஷூ

— அத மொதல்ல கவுண்டர்லேருந்து எறக்குங்க ப்ரீதி தங்கச்சி. யாவாரம் நடக்குற எடம்.

— இறக்க மாட்டேன். இங்கதான் இருக்கும். போறவா வரவா எல்லாரும் பாக்கட்டும், தமீம் பாய் கடை ஷூ எப்படி வாயப் பொளந்துண்டு நிக்கறதுன்னு.

— காஞ்ச மண்ணு உதிருது.

— உதிரட்டும். ரெண்டு மாசமா அலம்பாம வெச்சிருக்கேன். எங்காத்துக்காரர் பத்ரி விழுந்த மலையோட மண்ணு. நன்னாப் பாத்துக்கோங்கோ.

— ஒரு நிமிசம். பாய்சாப், ஆப் கல் ஆயியே. ஹா, ஹா, கல். பாத்தீங்களா? நாளைக்கு வாங்கன்னதும் வந்த கிராக்கி திரும்பிப் போறான். இப்ப சந்தோசந்தானா?

— உங்களுக்கு ஒரு ஆள்தானே போனான்? எங்காத்துல ஒரு கால் போயிருக்கு.

— யா அல்லா.

— அல்லாவக் கூப்பிட்டாப் போறுமா?

— வேற என்ன செய்ய? ஆஸ்பத்திரிக்கு வந்தேன்லா. நீங்கதான் வாசல்லயே நிறுத்தி வெரட்டிட்டீங்க.

— உள்ள விட்டா என்ன பண்ணியிருப்பேள்? ரெண்டு ஆரஞ்சுப் பழத்தக் குடுத்துட்டு, கண்ணத் தொடச்சுண்டு, நேரா கடையத் தொறக்க வந்திருப்பேள். ஆடு நனையறதேன்னு ஓநாய் அழுத கதை.

— யம்மா, ரொம்பப் பேசாதீங்க. பூனா போபோடியில முப்பது வருசமா கடை வச்சிருக்கேன். என்னைய ஒரு ஆளு இப்பிடிப் பேசினதில்ல.

— அதான் இன்னிக்கு நான் வந்திருக்கேன். நேக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். காயிதத்துல எழுதிக் குடுக்கணும். இந்த ஷூ பழுது, இதனாலதான் பத்ரி விழுந்தார்னு. கீழ கையெழுத்து, கடை சீல், தேதி. குடுத்தேள்னா போறும், போயிண்டே இருப்பேன்.

— எழுத மாட்டேன்னா?

— நம்ம ட்ரயத்லான் க்ரூப்ல முந்நூறு பேர் இருக்கா. எல்லாரும் உங்ககிட்டதான் ஷூ வாங்கறா. இத ஃபோட்டோ எடுத்துப் போடறேன். அப்புறம் நீங்க பழையபடி ஹவாய் செருப்பு வித்துண்டு உக்காந்திருக்கலாம்.

— எங்க வாப்பா கடையநல்லூர்லேருந்து வந்து ஹவாய் செருப்பு வித்துத்தான் எங்க நாலு பேரையும் ஆளாக்குனாவ. அதுல எனக்கு ஒரு கேவலமும் இல்ல. சும்மா மெரட்டாதீங்க.

— மிரட்டல. சொல்றேன்.

— சரி, நானும் கேக்குதேன். மலையில விழுறவன் எல்லாம் ஷூவாலயா விழுதான்? அது என்ன பார்க்குல ஓடுற ஓட்டமா? தளேகாவ் தாண்டி ஏரியில நீந்தி, கல்லு மண்ணுல சைக்கிள் மிதிச்சு, பொறவு மலை ஏறி எறங்குற பந்தயம். கடைசி எறக்கத்துல காலு ரெண்டும் தொவண்டு கெடக்கும். மேல ஆகஸ்ட்டு மழை. பாறையெல்லாம் பாசி. எவன் ஷூவப் போட்டாலும் வழுக்கத்தான் செய்யும்.

— அரே! இத அன்னிக்குச் சொல்லலையே! அன்னிக்கு என்ன சொன்னேள்? 'அடிப்பல்லு ஆறு மில்லி சார், சேத்த அப்படியே கவ்வும். தண்ணி வடிய ஓட்டை இருக்கு, ஏரியவிட்டு வந்து ஈரக் காலோட மாட்டிக்கலாம். இதையே போட்டுண்டு சைக்கிள் மிதிக்கலாம், இதோடயே ஓடலாம். எலாஸ்டிக் லேஸு, முடிச்சே போட வேண்டாம்.' வாய் கிழியப் பேசினேளே, மறந்துடுத்தா?

— அம்புட்டும் நெசம்தான். இன்னொண்ணும் சொன்னேன்லா? புது ஷூவ பந்தயத்தன்னைக்கு மொதமொதல்ல போடாதீங்க, ரெண்டு ஞாயித்துக்கெழம சிங்கட் மலை ஏறி எறங்கிட்டு வாங்கன்னேன். சாரு கேட்டாவளா?

— பந்தயத்துக்கு மூணு நாள் முன்னாடி வித்துட்டு, ரெண்டு ஞாயித்துக்கிழமைக்கு எங்க போறது? அதையும் உங்க கடைலதான் வாங்கணுமா?

— அவசரம் எனக்கா? சாரு பாதம் பதினொண்ணாம் நம்பரு. வெரலுக்கு முன்னால ஒரு கட்டவெரல் அகலம் எடம் விடணும், இல்லாட்டி எறக்கத்துல நகம் இடிச்சுக் கறுத்துப் போவும். அப்பப் பன்னெண்டு நம்பரு. பன்னெண்டு நம்பருக்கு எங்கன போவேன்? ஒத்த ஜோடிதான் பரண்ல கெடந்துச்சு.

— கெடந்துச்சு. கரெக்டாச் சொன்னேள். எத்தனை வருஷமா கெடந்துது?

— அது வந்து... மால் வரும், போவும். யாரு ஞாபகம் வச்சிருக்கா?

— ஞாபகம் வேண்டாம். ஷூவோட நாக்குக்கு உள்பக்கம் ஒரு சீட்டு தெச்சிருக்கு பாருங்கோ. மாசம், வருஷம். கண்ணாடியப் போட்டுண்டு படிங்கோ. சத்தமா.

— அஞ்சு வருசம்.

— ஆறு.

— சரி, ஆறுதான். போடாத ஷூ புது ஷூதானம்மா!

— முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்காதீங்கோ பாய். அதாவது, உங்களுக்குத் தெரியாதா? போடாம பொட்டியிலேயே வெச்சிருந்தாலும் ஈரத்துல பசை செத்துப் போயிடும். ஆறு பூனா மழைக்காலம் பாத்திருக்கு அந்தப் பொட்டி. என் ஷூவ மட்டும் புது ஸ்டாக்ல எடுத்துக் குடுத்தேள். அவருக்கு மட்டும் பரண்ல கெடந்தது.

— உங்க நம்பரு புதுசு வந்திருந்துச்சு, குடுத்தேன். அதுல ஏதும் கொறையா?

— ஒரு குறையும் இல்ல. நன்னாத்தான் ஓடித்து. பேச்ச மாத்தாதீங்கோ. இங்க, இந்த நுனியப் பாருங்கோ. உள்ள இருக்கற பசை வெள்ளையா இருக்கு. ஓரத்துல மட்டும் மஞ்சளா ஒட்டிண்டிருக்கே, இது என்ன?

— எது?

— இது. வெரல வெச்சுக் காமிக்கறேன். நகத்தால சொரண்டினா ரப்பர் மாதிரி உருண்டு வரது.

— அந்த ஷட்டரப் பாதி எறக்கிட்டு வாரேன்.

— எதுக்கு?

— எறக்கிட்டு வாரேம்மா. அக்கம் பக்கத்துக் கடைக்காரன் எல்லாம் எட்டிப் பாக்கான்.

— பாக்கட்டும்னுதானே சொல்றேன். மஞ்சளா என்ன பாய்?

— சொல்யூசன்.

— என்ன சொல்யூஷன்?

— செருப்பு ஒட்டுற சொல்யூசன். நாந்தான் தடவுனேன். பொட்டியத் தொறக்கும்போது நுனியில நூலளவு விட்டிருந்துச்சு. எங்க வாப்பா காலத்துப் பழக்கம். செருப்பு வாயத் தொறந்தா சொல்யூசனத் தடவி, சுத்தியலால நாலு தட்டுத் தட்டி, மேல தையல் மெசினத் தூக்கி வச்சிரணும். எத்தன ஆயிரம் செருப்பு ஒட்டிருக்கேன் இந்தக் கையால! ஒண்ணு பிரிஞ்சதில்ல. வல்லாஹி, கெட்ட எண்ணத்துல செய்யல தங்கச்சி. சரியாயிட்டுன்னுதான் நெனச்சேன்.

— செருப்பப் போட்டுண்டு கட்கி மார்க்கெட்டுக்குப் போவா பாய். இதப் போட்டுண்டு அவர் மலையிலேருந்து ஓடி வந்தார்.

— தெரியும்மா! தெரியும்! ரெண்டு மாசமா அந்த நெனப்புத்தான். சோறு எறங்கல. எம் பொண்டாட்டி நூர்ஜஹான் கேக்கா, என்ன ஓய் பேயறஞ்ச மாதிரி இருக்கீருன்னு. அவகிட்டகூடச் சொல்லல.

— எங்ககிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?

— சொல்லத்தான் வந்தேன், ஆஸ்பத்திரிக்கு. நீங்க வெரட்டுனதும், சரி, தப்பிச்சோம்னு ஓடி வந்துட்டேன். அதான் நெசம். போதுமா?

— போறாது. எழுதுங்கோ.

— எழுதுதேன். எழுத மாட்டேன்னா சொல்லுதேன்? ஆனா ஒரு சங்கதி கேக்கணும். விழுந்தது என் ஷூவால, ஒத்துக்கிட்டேன். காலு போனதும் என் ஷூவாலயா?

— என்ன கேக்கறேள் நீங்க?

— எங்க கொழுந்தியா மவ பாத்திமா அந்த ஆஸ்பத்திரியிலதான் நர்ஸா இருக்கா. முட்டி நழுவி ரத்தக் கொழா அறுந்துட்டாம். ரெண்டு மணி நேரம் முந்திக் கொண்டு வந்திருந்தா காலக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரே சொன்னாவளாம். மூணு மணி நேரம் மழையில கெடந்தாராமே மனுசன்? அந்தப் பக்கம் ஒருத்தருமா வரல?

— பாதிப் பேர் மழைக்கு பயந்து சைக்கிளோட பந்தயத்த விட்டுட்டா. அவர் பாதையவிட்டுக் கீழ, காரவிப் புதருக்குள்ள உருண்டு போயிட்டார். கடைசியா வழி காட்டற ரிப்பன எல்லாம் அவுத்துண்டு வந்த ஆள்தான் சத்தம் கேட்டுப் பாத்திருக்கான்.

— அதுக்கு முன்னால ஒருத்தரும் பாக்கல?

— பாக்கல!

— ஏன் கத்துதீங்க?

— பின்ன? தப்பு பண்ணினது நீங்க, என்னை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறேள்!

— நீங்க எங்கன இருந்தீங்க அப்ப?

— முன்னாடி. சைக்கிள்லேயே அவரத் தாண்டிட்டேன். அவர் பின்னாடி மெதுவா வந்துண்டிருக்கார்னு நெனச்சேன்.

— ம். நீங்க கப்போட நிக்கிற ஃபோட்டோ எனக்கும் வந்துச்சு. பொம்பளைங்கள்ல ரெண்டாவது எடம். நானும் ஒரு கட்டவெரலப் போட்டுவிட்டேன். அந்த நேரத்துல புருசன் காட்டுல கெடக்காரு, பொண்டாட்டி மேடையில பல்லக் காட்டிக்கிட்டு...

— வாய மூடுங்கோ! நேக்குத் தெரியாது அப்போ! தெரிஞ்சிருந்தா மேடையில ஏறுவேனா? என்ன மனுஷர் நீங்க?

— சரி, சரி. நாக்கு நீண்டுட்டு. ஷூவ வித்த பாவி நான் இருக்கும்போது உங்களச் சொல்லக் கூடாது. மன்னிச்சுக்கோங்க. தண்ணி குடிக்கீங்களா?

— உங்க கடைத் தண்ணி நேக்கு வேண்டாம். பேனாவ எடுங்கோ.

— எந்த பாஷையில எழுத? மராத்தியா, இங்கிலீஷா?

— தமிழ்ல. தாபோடி ஸ்கூல்ல நான் எங்க தமிழ் படிச்சேன்? நேக்கு வாசிக்க வராது. பத்ரி கும்பகோணத்துல படிச்சவர். தமிழ்ல இருந்தா நம்புவார்.

— பத்ரி சாருக்கா? கோர்ட்டுக்குன்னுல்லா நெனச்சேன்.

— கோர்ட்டும் இல்ல, க்ரூப்பும் இல்ல. அவர் ஒருத்தர் படிச்சாப் போறும்.

— இதுக்கா இம்புட்டுச் சண்டை? போன்ல கேட்டிருந்தா நானே... சரி, விடுங்க. இருங்க, எழுதுதேன்.

— எழுதி முடிச்சுட்டு வாசிச்சுக் காமிங்கோ. ஒரு வார்த்தை மாறப்படாது.

— இந்தா, கேளுங்க. 'மதிப்புக்குரிய பத்ரி அவர்களுக்கு. போபோடி செருப்புக் கடை தமீம் அன்சாரி எழுதுவது. நான் உங்களுக்குக் கொடுத்த ஷூ ஆறு வருடம் பரணில் கிடந்தது. நுனி விட்டிருந்ததை நானே ஒட்டினேன். உங்களிடம் சொல்லாமல் மறைத்தேன். அடிப்பாகம் கழன்றுதான் நீங்கள் விழுந்தீர்கள்.' சரிதானா?

— இன்னும் ஒரு வரி. 'உங்க கால் போனதுக்கு இந்த ஷூதான் காரணம்.'

— அது டாக்டர் வேற மாதிரில்லா...

— எழுதுங்கோ பாய்.

— எழுதிட்டேன்.

— 'இதுல வேற யார் மேலயும் ஒரு தப்பும் இல்ல.'

— வேற யாரு மேல தப்பு வரும்?

— எழுதுங்கோன்னா எழுதுங்கோ!

— கத்தாதீங்க. உக்காருங்க தங்கச்சி. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. எழுதிட்டேன், இந்தா சீலும் குத்திட்டேன். என் நசீபு, இந்தப் பழி என் தலையிலதான்னு இருக்கு.

— குடுங்கோ.

— இருங்க. காயிதத்துல மட்டும் சொன்னா எனக்கு மனசு ஆறாது. கடைய அடைச்சுட்டு இப்பவே உங்ககூட வாரேன். சாரப் பாத்து, அவரு காலத் தொட்டு...

— எந்தக் காலத் தொடுவேள்?

— அல்லா! வாய் தவறிட்டும்மா. அடிங்க என்னைய. அவரு வாயால நாலு வார்த்த ஏசட்டும், காறித் துப்பட்டும், அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும். சாவிய எடுத்துக்கிடுதேன், வாங்க போவோம்.

— வேண்டாம். நீங்க வரப்படாது.

— ஏன் வரப்படாது? ரெண்டு மாசமா கட்டில்ல கெடந்து என்னையத்தானே மனுசன் ஏசிக்கிட்டு இருப்பாரு? நேர்லயே ஏசிட்டுப் போறாரு.

— உங்களையா? ஷூவப் பத்தி அவர் இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை பேசல பாய். 'கீழேருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டேனே ப்ரீதி, நின்னு திரும்பிப் பாத்துட்டுத்தானே ஓடினே'ன்னு, அத ஒண்ணத்தான் கேட்டுண்டே இருக்கார்.