ஒரு நிமிசம் இருபத்தாறு செகண்டு

இல்லீங்க தம்பி, காபியெல்லாம் வேண்டாம். சித்தெ நேரம் நான் சொல்றதக் கேட்டாப் போதும். அவரு வெளிய வண்டிக்குள்ளயேதான் ஒக்காந்திருக்காரு, கைல மாவுக்கட்டு. போன ஞாயித்துக்கெழம செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்குல, வளைவுல திருப்பாம நேராக் கொண்டுபோயி டயர் அடுக்குல வெச்சுப்போட்டாருங்க. பம்பர் போச்சு, எடது மணிக்கட்டு போச்சு. அதுனால இன்னிக்கு நான் ஓட்டிட்டு வந்தேன். பெரியநாயக்கன்பாளையத்துலருந்து உங்க துடியலூர் கடை வரைக்கும், கியர மாத்து, பிரேக்க மெதுவா அமுத்துன்னு பாடம் நடத்திட்டே வந்தாரு.

ஆமாங்க, ஸ்ரீனிவாஸேதான். பம்பு கம்பெனி பங்காரு மகன். நான் அவரு சம்சாரம். இஞ்சின் கம்ப்யூட்டர்ல கை வெக்கற ஆளுங்க வரிசைல நீங்க நாலாவதுங்க.

முந்தின மூணும் என்னன்னா கேக்கறீங்க? தாராளமாக் கேளுங்க. எங்கூட்ல கொழம்பு இல்லாத நாளுண்டு, இந்தப் பேச்சு இல்லாத நாளில்ல.

மொதல்ல ஒரு குட்டி டப்பா, ஸ்டேஜ் ஒன்னுன்னு பேரு. சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவால ஒக்காந்துட்டு, இந்தப் பக்கம் ஒன்னு கேட்டு அந்தப் பக்கம் வேறொன்னு சொல்லுமாமுங்க. எங்க நாத்தனா பதினஞ்சு வருசமா அதத்தான் செய்யறா, அவளுக்கு யாரும் ஸ்டேஜ் ஒன்னுன்னு பேரு வெக்கல. மாட்டுன மாசம் பூரா வண்டி பறக்குது பறக்குதுன்னாரு. ட்ராக்குல போயி டைம் பாத்தா, முன்ன என்னவோ அதேதான். ஒரு நிமிசம் இருபத்தொம்பது செகண்டு.

அப்பறம் பெங்களூர்ல ஒருத்தரு. டப்பாவெல்லாம் ஏமாத்து வேலை, கம்பெனி எழுதுன புரோகிராமையே அழிச்சுப் புதுசா எழுதோணும்னாரு. கம்பெனிக்காரன் வெயிலுக்குத் தாங்கோணும், எந்த பெட்ரோலுக்கும் தாங்கோணும்னு பயந்து பயந்து எழுதி வெச்சிருந்தானாம். இவரு லேப்டாப்ப மாட்டி அர மணி நேரத்துல அதுக்குத் தைரியம் சொல்லிக் குடுத்துட்டாரு. பொய் சொல்லக்கூடாது, நல்லாத்தான் இழுத்துச்சு. இருபத்தெட்டே கால். மூணாம் மாசம் பிஸ்டன் ஓட்டையாகி மேட்டுப்பாளையம் ரோட்டுல தைரியமா நின்னுச்சுங்க.

மூணாவது, கம்பெனி கம்ப்யூட்டரையே கழட்டி எறிஞ்சுபோட்டு, ரேஸ் வண்டிக்கு வெக்கற தனிக் கம்ப்யூட்டர். இப்ப உள்ள இருக்குதே, அதுதான். அதுக்கு எல்லாத்தயும் ஒன்னுலருந்து சொல்லிக் குடுக்கோணும். குளுருன்னா என்ன, ஏசின்னா என்ன, எல்லாம். காத்தால மக தேஜஸ்ரீய ஸ்கூல்ல உடோணும்னா மொதல்ல லேப்டாப்பத் தொறக்கோணும். புள்ள ஸ்கூட்டர்லயே போயிக்கறேன்னுட்டா. அதுல ஒரே ஒருக்கா இருபத்தேழரை வந்துச்சு. அடுத்த ரவுண்டுதானுங்க டயர் அடுக்கு.

எது ஒசத்தின்னு என்னயக் கேட்டா? ஆபீசுக்கும் ஸ்கூலுக்கும் போற வண்டின்னா, வெவரமான ஆளு கம்பெனி புரோகிராமக் கொஞ்சமாத் திருத்துனாப் போதும். ட்ராக்குக்குன்னே வாங்குன வண்டிக்குத் தனிக் கம்ப்யூட்டர். குட்டி டப்பால ஒரு நல்லதிருக்குதுங்க. கம்பெனி சர்வீசுக்கு உடறன்னிக்கு சத்தமில்லாமக் கழட்டிக்கலாம்.

இதெல்லாம் எதுக்குன்னு அவரு சொல்லலீங்களா? ரெண்டு வருசத்துக்கு முந்தி இவரு மெஷின் கண்காட்சிக்குப் புனே போயிருந்தப்ப, ட்ராக்குல ஒரு வண்டி ஒரு நிமிசம் இருபத்தாறுல சுத்திருக்குது. எங்குளுது என்ன மாடலோ அதே மாடல். அன்னிக்கு வண்டில ஒட்டி உடற ஸ்டிக்கர் நம்பர் மட்டும் போர்டுல இருக்குது, பேரு கெடையாது. ட்ராக்கப் பாத்துக்கற தாரிக், போர்ட போட்டோ புடிச்சு குரூப்புல போட்டுட்டாரு. அன்னிக்குப் புடிச்சதுங்க இந்தக் கிறுக்கு. என்ன போட்டிருப்பான், எவங்கிட்ட எழுதி வாங்கிருப்பான்னு இதே யோசனை. இப்ப உங்ககிட்ட வந்தது, இஞ்சின் சுத்தறதுக்கு வெச்ச வரம்பத் தூக்கிவுடச் சொல்லத்தான். கட்டுக்கூடப் பிரிக்கல. எனக்குப் பயமாருக்குதுங்க. அடுத்த தடவ மணிக்கட்டோட நிக்காது.

இந்தாங்க, இந்தப் பையத் தொறந்து பாருங்க. கம்பெனி கம்ப்யூட்டரு. அவரு எறிஞ்சத நான் துணில சுத்திப் பீரோவுல வெச்சிருந்தேன். பழைய புரோகிராமும் பெங்களூர்க்காரருகிட்டக் கேட்டு வாங்கி ஏத்தி வெச்சிருக்குது. இதயே மாட்டி உடுங்க. அந்த இருபத்தாறு இதுல போனதுதானுங்க.

ஆமா, இதே வண்டிதான். ஒரு மாத்தமும் பண்றதுக்கு முன்னால.

யாரு ஓட்டுனதா? நாந்தாங்க.

லேடீசுக்குன்னு ஒரு நாளு உட்டாங்க, போர்டுல அத எழுதல. வண்டி ஊட்ல சும்மா நின்னுச்சு, போனேன். எங்கப்பா பவுண்டரி வெச்சிருந்தாருங்க. காஸ்டிங் ஏத்துன வேன இந்த ரோட்டுல பத்து வருசம் ஓட்டிருக்கேன். லோடு வண்டிய வளைவுல எங்க மெதுவாக்கோணும்னு கையிக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அவரு புனேலருந்து வந்ததும் சொல்லோணும்னுதானுங்க இருந்தேன். வந்தவரு செருப்பக்கூடக் கழட்டல, போன நீட்டி இதப் பாரு, எவனோ மனுசன் ஓட்டிருக்கான் பாருன்னாரு. அந்த மொகத்தப் பாத்துட்டு எனக்கு வாய் வரல. அப்பறம் தினமும் இட்லிக்கு முன்னால அந்த ஆளு பேச்சுத்தான். என்ன நெதானம், என்ன தைரியம், அவனயெல்லாம் பெத்தவங்க குடுத்து வெச்சவங்கன்னுவாரு. நான் ரிவர்ஸ் எடுத்தாக்கூட எறங்கி நின்னு கைய ஆட்டற மனுசனுங்க அவரு. என்னயப் பத்தி இப்படி ஒரு வார்த்தை அவரு வாயில வந்ததில்ல. தாரிக்கையும் சொல்லாதீங்கன்னுட்டேன். ரெண்டு வருசம் பக்கத்துல ஒக்காந்து சட்னி ஊத்திட்டே கேட்டுட்டிருந்தேன். என்ற தப்புத்தான். நல்லாருந்துச்சுங்க கேக்கறதுக்கு.

சரி, நீங்க வயரப் பிரிங்க. நான் போயி அவருகிட்டச் சொல்லிப்போட்டு வாரேன்.