பின் சீட்டுக்குக் கீழே

ஒரு வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன். வருகிறவர்களுக்கு அது பிடிக்கும். ஆள் யோசிக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி நேரம் நான் ஒன்றும் யோசிப்பதில்லை, ஐயா. இருபத்தாறு வருஷத்தில் அந்த மௌனம் காப்பாற்றிய அளவுக்கு எந்தக் கருவியும் என்னைக் காப்பாற்றியதில்லை.

என் பட்டறைக்கு எதிர்வீட்டில் தைக்கிறவர் இருக்கிறாரே, அவருடைய வண்டி. பத்தொன்பது வருஷப் பழைய பெட்ரோல் கார். புகைச் சோதனையில் தோற்றிருந்தது. கார்பன் மோனாக்சைடு அளவுக்கு மேல் ஆறு மடங்கு என்று ரிப்போர்ட்டில் இருந்தது. அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். திரும்பும்போது உட்காரத் தெம்பிருக்காது, பின் சீட்டில் படுத்துக்கொண்டுதான் வருவார். மாதக் கடைசிக்குள் சோதனையில் தேறாவிட்டால் வண்டியைத் தெருவில் எடுக்க முடியாது.

தெருவில் எனக்கு டாக்டர் என்று பெயர். அண்ணி வாசலில் நின்று கணவரிடம் சொன்னார்: "எனக்கு வாரம் மூணு தடவை குத்துறாங்க. உங்க டாக்டர் இந்த வண்டிக்கு ஒரே ஒரு ஊசி போட்டா என்னவாம்?"

பிளக் மாற்றினேன். ஏர் ஃபில்டர் மாற்றினேன். மறுபடி தோற்றது. இன்ஜெக்டர்களைக் கழுவி, ஆக்சிஜன் சென்சார் புதிது போட்டு, ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். மூன்றாவது தடவையும் தோற்றது. சோதனை மையத்து ஆள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன டாக்டர், பேஷன்ட் இன்னும் ஐசியூலதானா?" என்றான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பும் வழியெல்லாம் காது சுட்டுக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரியவில்லை, வேறு யாரிடமாவது காட்டுங்கள் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு தெரு தள்ளி ஒரு பட்டறை இருக்கிறது, கெட்டிக்காரன். அந்த வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிப் பார்த்தேன். வெளியே வரவில்லை.

மறுநாள் காலை வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, பின் சீட்டுக்கு நேர் கீழே புகைக் குழாயில் ஒரு துளை போட்டேன். வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது அதன் வழியாகக் கொஞ்சம் வெளிக்காற்று உள்ளே போகும். வால் முனையில் அளக்கிறவனுக்குப் புகை நீர்த்துத் தெரியும். சாலையில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் அதே துளை வழியாகப் புகை வெளியே வரும். அதுவும் எனக்குத் தெரியும். துளைக்கு மேலே, வண்டியின் தரைத் தகட்டில் உள்ள ஓட்டைக்கு ஒரு மூடி இருந்திருக்க வேண்டும். அது என்றைக்கோ விழுந்துபோயிருந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் சீட்டின் அடி தெரிந்தது. பார்த்தேன். நான் பார்த்தேன் என்றே எழுதுங்கள்.

வண்டி தேறிவிட்டது. தையற்காரர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். "ஆஸ்பத்திரியில நல்லாத்தான் இருக்கேன் தம்பி. வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள நோயாளி ஆயிடறேன். தலை ரெண்டா பிளக்குது" என்றார் அண்ணி. "புகை கிகை உள்ள வருதான்னு ஒரு தடவை பாத்துடேன்" என்றார் அவர்.

நான் வண்டியின் பக்கத்தில் பேசாமல் நின்றேன். இருவரும் காத்திருந்தார்கள்.

துளையை அடைக்க இருபது நிமிடம் போதும். ஆனால் அவர் எப்போதும் என் தோளோடு தோளாக நின்று வேலையைப் பார்க்கிறவர். ட்ரில் போட்ட துளையின் விளிம்பு துருப்பிடித்த ஓட்டை மாதிரி இருக்காது. ஊசிக்கண்ணைத் தேடிப் பழகிய கண் அவருடையது. "சீட் உறை வாசனைண்ணே. ரெக்சின் வெயில்ல சூடாகுதுல்ல, அதான்" என்றேன். அந்த உறை அவரே தைத்தது. அன்றைக்கே அதைப் பிரித்து எறிந்துவிட்டு, பருத்தித் துணியில் புதிதாக ஒன்று தைத்துப் போட்டார். என்னால்தான் உனக்குத் தலைவலி என்று மனைவியிடம் சொன்னாராம்.

அடைமழை பெய்த ஒரு நாள், எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது. பாலத்துக்கு முன்னால் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து வந்திருக்கிறார்கள். முன் கண்ணாடியில் ஆவி படிந்ததால் அவர் தன் பக்கக் கதவுக் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கியிருக்கிறார். அதனால் அவருக்குத் தலைவலியோடு போயிற்று. பின்னால் அண்ணி தூங்குகிறார் என்று ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாராம். வீட்டு வாசலில்தான் எழுப்பிப் பார்த்தார். டயாலிசிஸ் நோயாளி, இதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். யாரும் வேறெதையும் சோதிக்கவில்லை. என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

போன வாரம் அவர் சாவியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். "விக்க மனசு வரல. நீயே வெச்சுக்க தம்பி. கடைசி வரைக்கும் அவளைச் சுமந்துச்சு, உன்னாலதான்."

அவர் போனபின் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டுப் பானெட்டைத் திறந்தேன். பெட்ரோலின் அழுத்தத்தைச் சீராக வைக்க ஒரு சின்ன உருளை உண்டு. அதன் தலையில் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாய். அதைப் பிடுங்கினேன். காற்று மட்டும் இருக்க வேண்டிய குழாய்க்குள் ஈரம். முகர்ந்தேன், பெட்ரோல். உருளைக்குள் சவ்வு கிழிந்து, எஞ்சினுக்குள் பெட்ரோல் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. அத்தனை புகைக்கும் அதுதான் காரணம். தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் கற்றுக்கொள்கிற சங்கதி. அரை நிமிட வேலை. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன், ஐயா. அண்ணியை எடுத்துப்போன அன்று அழவில்லை. அன்று தலை குனிந்து நின்றேன், அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். அண்ணியை நோய் கொல்லவில்லை, நான் கொன்றேன். தெரிந்தே கொன்றேன். துளை அங்கேயே இருக்கிறது, நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம். இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் எழுதுவதைத் தையற்காரர் படிப்பார் அல்லவா. உருளையை மாற்றிவிட்டேன், துளைமேல் கழற்றி எடுக்கக்கூடிய ஒரு தகட்டைக் கட்டிப் புகையையும் அளந்து பார்த்துவிட்டேன், வண்டி இப்போது ஒழுங்காகத் தேறும். கோளாறைக் கடைசியில் நானே கண்டுபிடித்தேன் என்று அதில் ஒரு வரி சேர்த்துக்கொள்ள முடியுமா?